எண்ணூறு கலோரிப் பொட்டலமும் நம் கொழுப்புத் திசுவும்: ஓர் உணவு மாற்றுத் திட்டத்தின் மதிப்புரை

மூன்று வேளைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு, பொட்டலப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 கலோரியோடு மூன்று மாதம் இருந்து எடையைக் குறைக்கும் திட்டங்கள் இப்போது சென்னையில் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. அத்தகைய ஒன்றில் நானும் என் அக்காவும் ஒரே நேரத்தில் சேர்ந்து, முழுத் தவணையையும் முடித்த பிறகு எழுதும் மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரிப் பெட்டி, இதே மாதிரிச் செயலி, இதே வாக்குறுதிகளோடு வேறு சிலரும் கடை விரித்திருக்கிறார்கள் என்பதால், சொல்லப்போவதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

எடை குறைந்ததா என்று கேட்டால், குறைந்தது. 800 கலோரியில் யாருக்கும் குறையும். அதற்கு எந்த நிறுவனமும் பெருமை கொண்டாட முடியாது. மதிப்பிட வேண்டியது வேறு. கொழுப்பு செல்களை எரித்து அழிக்கும், தொப்பையையும் இடுப்பையும் குறிவைத்துக் கரைக்கும், குறைந்த எடை திரும்பாது என்றெல்லாம் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். கலோரி குறையும்போது மனித உடலின் கொழுப்புத் திசு என்ன செய்கிறது என்பது ஆய்வுகளில் ஓரளவு தெளிவாகவே தெரிந்திருக்கும் காலத்தில், அந்தத் தெளிவோடு இந்தச் சேவை எங்கெங்கே ஒத்துப்போகிறது, எங்கே வாங்குகிறவரைக் கைவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கணிப்பு இது: திசு சுருங்கும் கட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, சுருங்கிய திசு எதிர்த்துச் செயல்படத் தொடங்கும் கட்டத்தில் இந்தச் சேவை விலகிக்கொள்கிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாக்லேட், மாம்பழம், வெனிலா, தக்காளி சூப் என்று நான்கு வகைப் பொட்டலங்கள். உள்ளே கம்பிச் சுருள் பந்து உருளும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடிப் பரப்புள்ள ஒரு டிஜிட்டல் எடை மெஷின். மலச்சிக்கல் வந்தால் கலந்து குடிக்க இசப்கோல். பொட்டலம் ஒன்றில் சுமார் 200 கலோரியும் 15 கிராம் புரதமும் இருப்பதாக உறை சொல்கிறது, நாளைக்கு நான்கு. இதோடு வேகவைத்த காய்கறி ஒரு கிண்ணம், பால் இல்லாத காப்பி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. சாக்லேட் குடிக்கும்படி இருந்தது. மாம்பழத்தில் பழத்தைவிட மருந்துக் கடையின் வாசம்தான் தூக்கலாக இருந்தது. தக்காளி சூப்பில் மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, நான்கு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டால் ரசம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பொடியைக் கொதிநீரில் நேராகக் கொட்டினால் புரதம் உடனே திரண்டு, நடுவில் உலர்ந்த மாவோடு சிறு சிறு கட்டிகளாக மிதக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் குழைத்துவிட்டுப் பிறகு வெந்நீர் ஊற்ற வேண்டும் என்ற ஒரு வரியை உறையில் அச்சிட்டிருந்தால் முதல் சில பொட்டலங்கள் வீணாகியிருக்காது.

முதல் வாரம் முடிந்ததும் செயலியில் பச்சை அம்புக்குறியும் வண்ணத் தாள்கள் பறக்கும் ஒரு காட்சியும் வந்தன. இத்தனை கிலோ கொழுப்பை எரித்துவிட்டீர்கள் என்று வாழ்த்து வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாழ்த்து நிற்காது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாளைக்கு 2,200 கலோரி செலவழிக்கிற ஒருவர் 800 மட்டும் உட்கொண்டால் பற்றாக்குறை 1,400. ஒரு வாரத்துக்கு 9,800. பற்றாக்குறை முழுவதையும் கொழுப்பிலிருந்தே ஈடுகட்டினாலும் குறைவது ஒன்றேகால் கிலோ அளவுதான். மெஷின் அதைப் போல் இரண்டு மடங்கு காட்டுகிறதென்றால் மீதி பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் அரைக் கிலோ அளவுக்குக் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேமிப்பு இருக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோறும் இட்லியும் நின்ற முதல் சில நாட்களில் அந்தச் சேமிப்பு செலவாகி, அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் அது திரும்பியும் வந்துவிடும். இதை மறைத்து முதல் வார எண்ணைக் கொழுப்பாக விற்பது, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எடை இறங்கும் வேகம் இயல்பாகக் குறையும்போது வாடிக்கையாளரைத் தேவையில்லாமல் கலங்க வைக்கிறது.

எடை மெஷினின் கொழுப்பு விழுக்காட்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு உடல் காட்டும் தடையை அளந்து, வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுத்தான் அது அந்த எண்ணைத் தருகிறது. தண்ணீர் உள்ள திசுவில் மின்சாரம் எளிதில் ஓடும், கொழுப்பில் ஓடாது என்பதே அடிப்படை. ஆகவே உடலில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கொழுப்பு கூடியதாகவோ குறைந்ததாகவோ காட்டும். ஒரே காலையில் உலர்ந்த காலோடு ஏறியபோது வந்த எண்ணும், குளித்துவிட்டு ஈரக் காலோடு ஏறியபோது வந்த எண்ணும் கணிசமாக வேறுபட்டன. தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை இடுப்பைச் சுற்றி வைத்துப் பார்ப்பது இந்தக் கண்ணாடிப் பலகையைவிட நம்பகமானது, விலையும் சொற்பம்.

தண்ணீர்க் கணக்கு முடிந்த பிறகுதான் கொழுப்புத் திசுவின் வேலை வெளியே தெரியத் தொடங்குகிறது. முதிர்ந்த கொழுப்பு செல் ஒன்றின் உள்ளே கிட்டத்தட்ட முழு இடத்தையும் ஒரே ஒரு எண்ணெய்த் துளி அடைத்துக்கொண்டிருக்கும். செல்லின் கரு விளிம்போரமாக ஒதுக்கித் தள்ளப்பட்டிருக்கும். சாப்பிட்ட பிறகு உயரும் இன்சுலின் அந்தத் துளியைக் கரைய விடாமல் காவல் காக்கிறது. சாப்பாடு குறைந்து இன்சுலின் இறங்கி, நரம்பு நுனிகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற தூண்டுபொருள் சுரக்கும்போது, துளியைப் போர்த்தியிருக்கும் புரத உறை நெகிழ்ந்து, நொதிகள் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. துளியில் இருக்கும் கொழுப்பின் பெயர் ட்ரைகிளிசரைடு; அதன் ஒரு மூலக்கூறில் கிளிசரால் என்ற பொருளோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கின்றன. அவற்றில் முதலாவதை வெட்டிப் பிரிக்கும் நொதியை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2004-இல்தான் அடையாளம் கண்டார்கள். மற்ற இரண்டையும் வேறு இரண்டு நொதிகள் பிரிக்கின்றன. பிரிந்த கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் மேல் ஏறித் தசைக்கும் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் போகின்றன; மிஞ்சும் கிளிசராலைக் கல்லீரல் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. கல்லீரல் ஒரு பகுதிக் கொழுப்பு அமிலத்தைக் கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளாக மாற்றுவதால் சிலருக்கு வாயில் ஒரு விதமான பழ வாடை வரும். அக்காவுக்கு வந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் பல் டாக்டரிடம் போய் வந்தார்.

கரைந்த கொழுப்பு கடைசியில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இந்தச் செயலி தருகிற பதில் வியர்வை. அதற்கென்று ஒரு வியர்வை பெல்ட்டையும் தனி விலைக்கு விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: 10 கிலோ கொழுப்பு உடலில் முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சட்டை நனையும், அவ்வளவுதான்.

செல்களை எரித்து அழிக்கும் என்ற வாசகத்துக்கு வருவோம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் அவருடைய சகாக்களும் இதற்கு விடை கண்ட வழி வியப்பானது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிகுந்து, பிறகு ஆண்டுதோறும் குறைந்துவந்தது. அது பயிர் வழியாகவும் உணவு வழியாகவும் அந்தந்த ஆண்டில் பிறந்த செல்களின் மரபணுப் பொருளில் பதிந்திருக்கிறது. கொழுப்புத் திசுவில் அந்தப் பதிவை அளந்து, செல்கள் எப்போது பிறந்தவை என்று கண்டார்கள். 2008-இல் நேச்சர் இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, நம் கொழுப்பு செல்களில் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் தீர்மானமாகி, பெரியவர்களான பிறகு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. இரைப்பை அறுவை சிகிச்சை செய்து பெருமளவு எடை இழந்தவர்களிடம் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் செல்களின் பருமன்தான் குறைந்திருந்ததே தவிர எண்ணிக்கை குறையவில்லை. நெல்லைக் கொட்டி எடுத்த பிறகு மூலையில் மடித்து அடுக்கிய கோணிகளைப் போல, ஒன்றுகூடக் குறையாமல் அவை அங்கேயே இருக்கின்றன. அறுவை சிகிச்சையாலேயே ஆகாததைச் சாக்லேட் பொடி செய்துவிடும் என்று பெட்டியில் அச்சிடுவதை எந்த விளம்பர ஒழுங்குமுறையும் அனுமதிக்கக் கூடாது.

இந்தச் சேவை உண்மையாகவே பாராட்டத்தக்க ஒரு நன்மையைச் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. கலோரி வெகுவாகக் குறையும்போது முதலில் காலியாவது கண்ணுக்குத் தெரியும் தொப்பை அல்ல, கல்லீரலுக்குள் இருக்கக் கூடாத இடத்தில் தேங்கிய கொழுப்பு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேர் எட்டு வாரம் நாளைக்குச் சுமார் 600 கலோரியோடு இருந்தார்கள். முதல் வாரத்துக்குள்ளேயே கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக, டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்தி 2018-இல் லான்செட் இதழில் வந்த டைரக்ட் ஆய்வில், 825 முதல் 853 கலோரி வரையிலான பொட்டல உணவை மூன்று முதல் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நீரிழிவு எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. நம் தோலடிக் கொழுப்புத் திசுவின் கொள்ளளவு சீக்கிரம் நிரம்பி, மிஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்த் தங்கும் போக்கு நம்மிடம் அதிகம். இடுப்பளவின் எச்சரிக்கைக் கோட்டை இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று தாழ்வாக வைத்திருப்பது அதனால்தான். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே தள்ளிய நம் ஊர் உருவத்துக்கு உரியது இந்தக் கணக்கு. பேன்ட் தளர்வதற்கு முன்பே என் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியிருந்தது. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

தொடையும் இடுப்பும் வேறு கதை. அங்குள்ள கொழுப்பு செல்களின் மேற்பரப்பில், அட்ரினலின் வந்து சொன்னாலும் கொழுப்பை வெளியே விடாதே என்று தடுக்கும் ஆல்ஃபா-2 வகை ஏற்பிகள் அதிகம். பெண்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வயிற்றுக் கொழுப்பு அழைத்த குரலுக்கு ஓடி வருமென்றால் தொடைக் கொழுப்பு நின்று நிதானித்துத்தான் வரும். ஒரே பொட்டலத்தைக் குடித்த எனக்கு வயிறு வற்றியது. அக்காவுக்கு முகமும் தோளும் வற்றிப் பழைய ரவிக்கைகள் தொளதொளத்தன, இடுப்பு மட்டும் அசையவில்லை. இதைக் குறைசொல்லி அவர் டயட்டீஷியனைக் கூப்பிட்டபோது மறுமுனையில் வந்த முதல் கேள்வி, “மேடம், வெளியில ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்பதுதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணை, உடலியல் தெரியாத ஒரு கேள்வியால் திருடியைப் போல் விசாரிப்பது எந்தச் சேவைக்கும் அழகல்ல. “இடுப்புல இருக்கிறது மெதுவாத்தான் போகும், உடம்புக்கு அது வயித்துக் கொழுப்பளவு கெடுதலும் இல்லம்மா” என்று சொல்லியிருந்தால் போதும், அது உண்மையும்கூட. குறிவைத்துக் கரைக்கும் என்ற விளம்பரம் இப்படித்தான் தன் வாடிக்கையாளர் மேலேயே திரும்பிப் பாய்கிறது.

தசையைப் பற்றி இந்தச் சேவைக்கு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. உணவைக் குறைத்து மட்டும் எடை இழக்கும்போது, போகிற எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. நாளைக்கு 60 கிராம் புரதம் 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒருவாறு சரி. 90 கிலோ உள்ளவருக்குப் போதாது. ஆனால் எல்லாருக்கும் அதே நான்கு பொட்டலம். செயலியில் உள்ள உடற்பயிற்சிப் பக்கம் அடி எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. எடை தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்று தசையைத் தக்கவைக்கும் எதுவும் அங்கே இல்லை. நாங்கள் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துக்கொண்டோம். திட்டத்துக்கு இது புறம்பு என்றாலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பசிக்கு வருவோம். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் லெப்டின் மரபணு கண்டுபிடிக்கப்பட்டதோடு முடிந்துபோனது. கொழுப்பு செல்கள் சுரக்கும் அந்த ஹார்மோன், இருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. கலோரி குறைந்த சில நாட்களிலேயே, திசு சுருங்குவதைவிட வேகமாக லெப்டின் விழுகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசி கூடுகிறது, உடல் குளிர்கிறது, கை கால் அசைவும் தானாகவே சுருங்கி, எடைக்கு ஏற்பக் குறைய வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே கலோரிச் செலவு குறைகிறது. சித்திரை வெயிலில் அக்கா மின்விசிறியை ஒன்றில் வைக்கச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மெல்போர்னில் பிரியா சுமித்ரனும் ஜோசப் புரோயட்டோவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பொட்டலத் திட்டத்துக்கு நேர் உறவு. 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். லெப்டின் விழுந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது; ஓராண்டு கழித்தும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசி உணர்வும் தணியவில்லை. ஆக, பசி வாடிக்கையாளரின் குணக்கேடு அல்ல, சுருங்கிய திசுவும் குடலும் அனுப்பும் செய்தி. இந்தச் செயலி அதற்குத் தரும் மறுமொழியோ, தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் மன உறுதி வாசகங்கள். கூட ஒரு கிண்ணம் காய்கறியையோ இன்னும் கொஞ்சம் புரதத்தையோ பரிந்துரைக்க அவர்களுக்கு வழி இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் மாதக் கடைசி நாளில் என்ன வந்தது என்று சொல்ல வேண்டும். செயலியில் ஒரு சான்றிதழ், மறுபடி சேர்ந்தால் தள்ளுபடி என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் இட்லி சாப்பிடலாமா, எத்தனை, எந்த வாரத்தில் சோறு, பொட்டலத்தை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது, பராமரிப்புத் திட்டம் தனியாக வரவிருக்கிறது என்றார்கள்.

இது சின்ன விடுபாடு அல்ல. கொழுப்புத் திசு திரும்பி நிரம்புவதற்கு மிகவும் தயாராக இருக்கும் நேரம் அது. பருமனானவர்கள் எடை இழந்து நிலைப்பட்ட பிறகு, இரத்தத்திலிருந்து கொழுப்பை உள்ளே இழுக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியின் செயல் அவர்களின் கொழுப்புத் திசுவில் கூடியிருப்பதை 1990-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஜூரிச் நகரின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஃபெர்டினாண்ட் ஃபான் மையென் குழுவினர் 2024 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. அறுவை சிகிச்சையால் எடை இழந்தவர்களின் கொழுப்புத் திசுவில், மரபணுக்கள் இயங்கும் விதம் முழுவதுமாகப் பழைய மெலிந்த நிலைக்குத் திரும்பவில்லை. எலிகளில் பார்த்தபோது, பருமனாக இருந்த காலத்து அடையாளங்கள் மரபணுப் பொருளின் மேல் அழியாமல் நின்றன. மீண்டும் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்ததும் அந்த எலிகள் மற்றவற்றைவிட வேகமாகப் பருத்தன. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய அரைப் பட்டினி ஆய்வு வேறு ஒரு கோணத்திலிருந்து இதையே சொல்கிறது. பருமனே இல்லாத 36 இளைஞர்கள் 24 வாரம் குறைந்த உணவில் இருந்து, உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். வேண்டிய அளவு சாப்பிட அனுமதித்ததும் அவர்களுக்கு முதலில் திரும்பியது கொழுப்பு. தசை முழுவதும் மீள்வதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவையும் தாண்டிப் போனது.

டைரக்ட் ஆய்வை நடத்தியவர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். பொட்டலக் கட்டம் முடிந்ததும் இரண்டு முதல் எட்டு வாரம் வரை உணவை ஒவ்வொரு வேளையாகத் திருப்பிக் கொண்டுவரும் கட்டம், அதன் பிறகு மாதந்தோறும் சந்திப்பு, எடை ஏறினால் சில வாரம் மீண்டும் பொட்டலம் என்று திட்டமிட்டிருந்தார்கள். அத்தனை கைத்தாங்கல் இருந்தும் ஓராண்டில் 46 விழுக்காடாக இருந்த வெற்றி இரண்டாம் ஆண்டில் 36 ஆகக் குறைந்தது. பிரிட்டிஷ் அரசின் தேசிய சுகாதாரச் சேவை இப்போது நீரிழிவாளர்களுக்கு நடத்தும் திட்டத்திலும் பொட்டலம் 12 வாரம்தான். ஆனால் ஆதரவு ஓராண்டுக்கு உண்டு. இங்கே நாம் வாங்குவது அதில் முதல் 12 வாரத்தை மட்டும் வெட்டி எடுத்த துண்டு. அதற்கு ஒரு குடும்பத்தின் சில மாத மளிகைச் செலவுக்கு ஈடான தொகை.

பாதுகாப்பு விஷயத்தில் இந்தச் சேவையை மன்னிக்க எனக்கு மனமில்லை. சேரும்போது நிரப்பிய படிவத்தில் சைவமா அசைவமா என்று கேட்டார்கள், எந்தச் சுவை பிடிக்கும் என்று கேட்டார்கள். என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்ற கேள்வி இல்லை. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் அதே அளவில் மருந்தைத் தொடர்ந்துகொண்டு 800 கலோரிக்கு இறங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். டைரக்ட் ஆய்வில் முதல் நாளிலேயே நீரிழிவு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினார்கள் என்பதிலிருந்தே இதன் தீவிரம் விளங்கும். வேகமாக எடை குறைவோருக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இந்தப் பக்கமே வரக் கூடாது.

கல்லீரலில் கொழுப்பு, புதிதாகக் கண்டறிந்த நீரிழிவு, உடன் பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவர் ஆகிய மூன்றும் உள்ளவருக்கு இந்தப் பொட்டலங்கள் பயன்படும். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கல்யாணத்துக்குள் இடுப்பைக் குறைக்க நினைப்பவருக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். மிச்சமிருந்த சூப் பொட்டலங்களை அக்கா இரவு வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காலையும் மதியமும் வீட்டுச் சாப்பாட்டை அளவாகச் சாப்பிடுகிறார். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். இதே போன்ற திட்டத்தில் சேர விரும்புகிறவர்கள், நான்காவது மாதத்தில் என்ன தருகிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.